டேஷ் போட்ட எக்ஸ் யாருக்குச் சொந்தம்

ஆவுடையாபுரத்துல சாயங்காலம் ஆச்சுன்னா ரெண்டு வரவு தப்பாது: ஒண்ணு கொசு, இன்னொண்ணு எங்க அண்ணன். கொசுவாவது மழைக்குக் கூடும், வெயிலுக்குக் குறையும். எங்க அண்ணன் குற்றாலிங்கம் அப்படியில்ல. மெட்ராஸுக்கு வேலைக்குப் போறேன்னு ரயிலேறிப் போன மறுநாள்லருந்து, தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு, அதே ரயில்ல, அதே வாசப்படியில, வலது கையை அரைவாசி தூக்கினபடி, எங்க ஸ்டேஷன்ல நிக்காம எங்களைத் தாண்டிப் போயிக்கிட்டே இருந்தான். போனவன் வரலையேன்னு அழுத ஊரு ஆயிரம் இருக்கும், போனவன் தினமும் வந்துட்டுப் போறானேன்னு அழுத ஊரு எங்க ஊரு ஒண்ணுதான்.

புறப்பட்ட அன்னைக்கு நடந்தது இம்புட்டுதான். எங்க மதினி சண்முகவடிவு நீலச் சேலை உடுத்தி, இடுப்புல கைக்குழந்தை செண்பகத்தை வச்சுக்கிட்டு பிளாட்பாரத்துல நின்னா, நான் கூஜாவும் கையுமா பக்கத்துல நின்னேன். "பத்தே நாளு வடிவு, ஒரு வீடு பாத்துட்டு வந்து உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருதேன்"னு சொல்லிட்டு ஏறினான். வண்டி நகர்ந்ததும் வாசப்படிக்கு வந்து, கையைத் தூக்கி, சிரிக்க ஆரம்பிச்சு, என்னமோ கூப்பிட்டுச் சொல்ல உதட்டைக் குவிச்சான். அதுக்குள்ள வண்டி வளைவுல மறைஞ்சுட்டுது. வடக்க போன வண்டி மறுநாள் தெக்கயிருந்து வந்துச்சு. "இந்த மறதிப் பய எதையோ வச்சுட்டுப் போயிட்டான் போலுக்கு"ன்னு நான் வைதுக்கிட்டே ஓடினேன். வண்டி நிக்கலை. கை அதே உயரத்துல இருந்துச்சு, உதடு அதே மாதிரி குவிஞ்சிருந்துச்சு, அவன் ஒரு பொம்மை கணக்கா எங்களைப் பாத்தபடியே போயிட்டான்.

ஸ்டேஷன் மாஸ்டர் சிவப்புக் கொடியைக் காட்டிக் காட்டி கை வலிச்சு உக்காந்துட்டாரு. பெரிய அதிகாரி ரெண்டு பேரு வந்து அட்டவணையைப் புரட்டிட்டு, இந்த நேரத்துக்கு இப்படி ஒரு வண்டியே கிடையாதே, இல்லாத வண்டியை எப்படிம்மா நிப்பாட்டன்னு கேட்டுட்டு, வடையும் காப்பியும் சாப்பிட்டுட்டு, அந்த இல்லாத வண்டி போற வரைக்கும் தண்டவாளத்துல இறங்காம ஒதுங்கி நின்னு, அப்புறமா வீடு போய்ச் சேந்தாங்க. சோடாக்கடை மாடசாமி கூடவே ஓடி கைப்பிடியைத் தொட்டுப் பாத்தான். எண்ணெய் தேச்ச தூணைப் பிடிச்ச மாதிரி வழுக்கிட்டுதுன்னான். அதோட ஊரு அந்த வண்டியை வெயிலு மழை மாதிரி எடுத்துக்கிட்டுது. அது வந்தா பால் கறப்பாங்க, அது போனா பிள்ளைகளை விளையாட்டுலருந்து வீட்டுக்கு விரட்டுவாங்க, புதுசா வாக்கப்பட்டு வந்த பொண்ணுகளைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போன கையோட ஸ்டேஷனுக்கும் கூட்டிட்டு வந்து, "இவுகதான் குற்றாலிங்கம் அண்ணாச்சி, கும்பிட்டுக்கோ"ம்பாங்க. ஸ்டூடியோ அருள்ராஜ் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு போட்டோ எடுத்து, கடைக் கண்ணாடிக்குள்ள மாட்டிருவாரு.

வண்டிக்குள்ள எதையாவது எறிஞ்சா அது உள்ள போயி அந்தரத்துல நின்னுரும். முத மாசம் மதினி எறிஞ்ச மல்லிகைச் சரம் அவன் தோளுக்கு ஒரு சாண் தள்ளி மிதந்துக்கிட்டே இருந்துச்சு, ஒரு பூ வாடலை. கட்சிக்காரன் ஒருத்தன் எறிஞ்ச ஓட்டுச் சீட்டு இன்னும் அவன் கைக்குப் போய்ச் சேரலை, அந்தக் கட்சி ரெண்டா உடைஞ்சு, உடைஞ்சது ரெண்டும் காணாமலும் போயாச்சு. என் கல்யாணப் பத்திரிகையை நானே எறிஞ்சேன். கூடப் பொறந்தவன் வராமலா தங்கச்சி கழுத்துல தாலி ஏறும்னு எனக்கு ஒரு ஆத்திரம். அது அவன் மூக்குக்கு முன்னால ஒரு முழத்துல நிக்கு, என் மூத்த பய மீசை வழிச்சுக்கிட்டு வேலைக்குப் போறான்.

மதினிக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், அதை அவ யாருகிட்டயும் ஒளிக்கலை. பத்து நாள்ல வாறேன்னாகளே, அந்தப் பத்து நாள் என்னைக்கு முடியும்? பொட்டை அழிக்கச் சொன்னவுகளும் உண்டு, மறு கல்யாணம் பேசி வந்தவுகளும் உண்டு. எல்லாருக்கும் மோர் கொடுத்து, "அவுகளுக்கு இன்னும் நாள் முடியலை"ன்னு சொல்லி அனுப்பிருவா. பொம்பளைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் டீச்சர் அவ. சாயங்காலம் ஆனா முகம் கழுவி, பூ வச்சு, செண்பகத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு, அவன் விட்டுட்டுப் போன அதே கம்பத்துக்குப் பக்கத்துல போயி நிப்பா. செண்பகம் இடுப்புலருந்து இறங்கினா, பாவாடை கட்டினா, தாவணி போட்டா, காலேஜுக்குப் போனா. மதினிக்குக் கன்னத்து எலும்பு தெரிஞ்சுது, வகிட்டுல வெள்ளை ஓடுச்சு. வாசப்படியில நிக்கவனுக்கு மட்டும் ஒரு மயிரு நரைக்கலை. பாக்கிற எனக்கே வயிறு எரியும்.

அப்பதான் மதினி எங்கயோ லைப்ரரியில தேடி அந்தப் பழைய ஜெர்மன் கட்டுரையோட இங்கிலீஷை ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்தா. ஓடுற பொருளுக்கும் நிக்கிற பொருளுக்கும் நேரம் ஒண்ணு இல்லன்னு முதமுதல்ல சொன்ன கட்டுரையாம். ஒரு கடிகாரத்தை எடுத்து ஒரு சுத்து சுத்திக் கொண்டாந்து பழைய இடத்துலயே வச்சா, அது அங்கயே இருந்த கடிகாரத்துக்குப் பிந்தி நிக்கும்னு அதுல எழுதியிருக்கு. "பிரமு, நம்ம வண்டியைத்தான் சொல்லுதாரு!"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அத்தனை வருசத்துல அவ கை சூடா இருந்தது அன்னைக்குத்தான்.

தனியா வாசிக்கப் பயமா இருக்குன்னா. ஊரு தனக்குத் தெரிஞ்ச வழியில வந்து நின்னுது. புரட்டாசி மாசம் பிள்ளையார் கோயில் மண்டபத்துல ராமாயணம் வாசிக்கிற வழக்கம் எங்களுக்கு உண்டு, ஒருத்தர் வாசிக்க, ஒருத்தர் பொருள் சொல்ல, கூட்டம் "ஆமா"ன்னு எதிர்க்குரல் கொடுக்கும். அந்த வருசம் ராமர் கொஞ்சம் பொறுத்துக்கிடட்டும்னு சொல்லி, ராமாயணம் வைக்கிற அதே சாய்ப்புப் பலகையில ஜெராக்ஸை வச்சு, குத்துவிளக்கு ஏத்தி, சுண்டல் அவிச்சு, டியூஷன் வாத்தியார் பிச்சுமணி சார் வாசிக்க, மதினி பொருள் சொல்ல, தண்டவாளம் நிக்கு, வண்டி போகுது, ஆமா, நிக்கிறவன் கையில ஒரு அளவுகோலு, போறவன் கையில ஒரு கோலு, ஆமா, நிக்கிறவன் கையில ஒரு கடிகாரம், போறவன் கையில ஒரு கடிகாரம், ஆமா ஆமான்னு மண்டபமே முழங்குச்சு. நானும் கத்தினேன். புரிஞ்சா கத்தினேன்?

மூணாம் பகுதியில எக்ஸ் தலையில சின்னக் கோடு போட்டு ஒரு எழுத்து வந்துச்சு. எக்ஸ் டேஷ். பிச்சுமணி சார் நிமிந்து பாத்தாரு. அதுக்குப் பொருள் யாரும் சொல்ல வேண்டியிருக்கலை, ஏன்னா எங்க ஊர்ல ரெண்டு தலைமுறையா எல்லாரும் ஒரே கைடுல படிச்சு பாஸானவங்க, அந்தக் கைடுல வெறும் எக்ஸ்னா நிக்கிறவன், டேஷ் போட்டா போறவன், இது கண்ணை மூடிக்கிட்டு எழுதுற ரெண்டு மார்க்கு. "அண்ணாச்சி எழுத்து!"ன்னு கூட்டம் மொத்தமும் எந்திரிச்சுட்டுது. பொம்பளைக வரிசையா வந்து அந்த எழுத்துக்குக் குங்குமம் வச்சாங்க. அதுக்குக் கீழே பிள்ளையார் சுழி மாதிரி சுழிச்சுச் சுழிச்சு இன்னும் நாலு கிரேக்க எழுத்து கிடந்துச்சு. "அது அடுத்த கணக்குக்கு உள்ளது, நமக்கு வேண்டியது கிடைச்சுட்டுது"ன்னு சார் பக்கத்தைத் திருப்பிட்டாரு. மதினி ஒரு நிமிசம் அதை உத்துப் பாத்தா, பாத்துட்டுப் பேசாம இருந்துட்டா. அவளும் அதே கைடுல படிச்சவதான், அதோட அவளுக்கு ஆசையும் இருந்துச்சு.

டேஷ் போட்ட எக்ஸை வச்சு சாரும் மதினியும் கணக்குப் போட்டாங்க. வாற தைப்பூசத்தன்னைக்கு அவனோட பத்து நாள் முடியுதுன்னு விடை வந்துச்சு. அட, ஊரு பட்ட பாடு! பிளாட்பாரத்துக்கு வெள்ளையடிச்சோம், வாழை கட்டினோம், நாதஸ்வரத்துக்குச் சொல்லி அனுப்பினோம், அவனுக்குப் பிடிச்ச சொதியும் இஞ்சிப் பச்சடியும் அண்டா அண்டாவா ஆக்கினோம். மாடசாமி சோடாவுக்குக் காசு வாங்கலை, அது அதைவிட அதிசயம். மதினி பெட்டியிலருந்து அந்தப் பழைய நீலச் சேலையை எடுத்து உடுத்தினா. சேலை அப்படியே இருந்துச்சு, உடுத்தினவதான் பாதியாயிருந்தா.

வண்டி வந்துச்சு. நாதஸ்வரக்காரன் மூச்சை இழுத்து வச்சுக்கிட்டு நின்னான். வண்டி அதே வேகத்துல, அதே கை, அதே உதடு, அதே அந்தரத்துல நிக்கிற மல்லிகைச் சரத்தோட எங்க எல்லாரையும் தாண்டி வளைவுல போயி மறைஞ்சுட்டுது.

ஆக்கின சோத்தை என்ன செய்ய? ஊரு உக்காந்து தின்னுச்சு. ஒருத்தரை ஒருத்தர் பாக்காம, இலையைப் பாத்துக்கிட்டே, எழவு வீட்டுச் சாப்பாடு மாதிரி தின்னோம். மதினி கையில கரண்டியோட எல்லாருக்கும் பாயாசம் ஊத்திக்கிட்டு வந்தா. "நீங்க உக்காருங்க மதினி"ன்னேன். "கணக்குல தப்பு இருக்கு பிரமு, கட்டுரையில இல்ல"ன்னு சொல்லிட்டு அடுத்த இலைக்குப் போயிட்டா.

அப்புறம் அவ பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுட்டு, அந்த ஜெராக்ஸை வச்சுக்கிட்டு அடுப்படியிலேயே உக்காந்துட்டா. ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு விட்டா. கட்டுரை கீழ விரிச்சிருந்துச்சு, அதுக்குப் பக்கத்துல அருள்ராஜ் கடையிலருந்து வாங்கிட்டு வந்த பொங்கல் போட்டோ அத்தனையும் கவுத்துப் போட்டிருந்துச்சு.

"இங்க பாரு. எக்ஸ்லருந்து வண்டி போன தூரத்தைக் கழிச்சு எக்ஸ் டேஷ்னு வைக்காரு. கழிக்கிறது யாரு?"

"எனக்கென்ன தெரியும்? நான் சுண்டல் தின்ன வந்தவ."

"நாம. பிளாட்பாரத்துல நிக்கிறவங்க. நம்ம கோலு, நம்ம கடிகாரம். போறவங்க எம்புட்டுத் தூரம் போயிட்டாங்கன்னு நாமளே அளந்து, நாமளே கழிச்சு வச்சுக்கிட்ட மிச்சம்தான் இந்த டேஷ். வேற புஸ்தகத்துல எல்லாம் போறவுகளுக்குத்தான் டேஷ் போடுவாங்க. இதை எழுதினவரு அப்படிப் போடலை. இதுல அவுக கோலும் இல்ல, அவுக கடிகாரமும் இல்ல. அது இந்தச் சுழிச்ச எழுத்துக்குள்ள இருக்கு. பக்கத்தைத் திருப்பிட்டோம்ல, அதுக்குள்ள."

அவ சிரிச்சா, சிரிப்பா அது? "அவுக கணக்கு, அவுக கணக்குன்னு இத்தனை வருசமும் என் கணக்கையே போட்டுக்கிட்டு இருந்திருக்கேன் பிரமு."

"சரி, தொலையட்டும். சரியாப் போட்டா என்னைக்கு முடியுது அந்தப் பத்து நாள்?"

"முடியாது. அவுகளுக்கு இன்னும் ஒரு மூச்சே முடியலை. தூக்கின கை இன்னும் உச்சிக்குப் போகலை. அது இறங்குறதைப் பாக்க நம்ம பேத்திக்குப் பேத்தி வரணும்."

"எழவெடுத்த கணக்கு! அடுப்புல போடுங்க அதை!"ன்னு நான் கத்திட்டேன். கத்தினேனே தவிர எனக்கும் அழுகைதான் வந்துச்சு. மதினி அழலை. "நான் காத்துக் கிடக்கதைப் பத்திப் பேசலை. நான் இருந்துட்டுப் போறேன். இதைப் பாரு"ன்னு போட்டோவை ஒண்ணொண்ணா நிமித்தி வச்சா.

நாங்க தினமும் பாத்த முகம்தான், தினமும் பாத்ததுனால ஒருத்தருக்கும் தெரியலை. முத பொங்கல்ல அவன் சிரிக்கான். நாலஞ்சு போட்டோ தள்ளி அந்தச் சிரிப்பு அப்படியே நின்னுருச்சு. அப்புறம் கடைவாய் இறங்குது, புருவம் நெருங்குது. கடைசிப் போட்டோவுல எங்க அண்ணன் கண்ணு ரெண்டும் பேயைக் கண்ட பிள்ளை கண்ணு மாதிரி இருந்துச்சு.

"அவுக என்னைத்தான் பாத்துக்கிட்டு இருக்காக. நமக்கு அவுக நிக்காக, அவுகளுக்கு நாம ஓடுதோம். ஒவ்வொரு சாயங்காலமும் சேந்து சேந்து அவுகளுக்கு ஒரே பார்வையா இருக்கு. கையை ஆட்டுறதுக்குள்ள பொண்டாட்டி வத்திப் போறா, தலை நரைக்கா, இடுப்புல இருந்த பிள்ளையைக் காணோம், பக்கத்துல யாரோ ஒரு பெரிய பொண்ணு நிக்கா. இன்னும் கொஞ்ச வருசம் நான் அங்க போயி நின்னேன்னா, அந்த ஒரு மூச்சுக்குள்ளயே நான் செத்துப் போறதையும் பாப்பாக." போட்டோவைப் பழையபடி கவுத்து வச்சா. "நான் இனிமே ஸ்டேஷனுக்கு வரலை."

யாரும் நிக்காம விட்டா வெறும் பிளாட்பாரத்தைப் பாத்துத் துடிச்சுப் போவான். அதனால செண்பகம் நிக்கணும்னா மதினி. அவ அப்படியே அம்மாவை உரிச்சு வச்ச மாதிரி; வயசும் அம்மா அன்னைக்கு இருந்த வயசுதான். அந்த நீலச் சேலையை உடுத்தி, அதே கம்பத்துக்குப் பக்கத்துல, இடுப்புல ஒரு கைக்குழந்தையோட. "கொஞ்ச நேரம் கண்ணுல தூசி விழுந்து என்னமோ மாதிரி தெரிஞ்சுட்டுது, வடிவு அங்கதான நிக்கான்னு நினைச்சுக்குவாக"ன்னா. செண்பகம் எல்லாத்தையும் கேட்டுட்டு, என் கூடக் கிணத்தடிக்கு வந்ததும் என் தோள்ல விழுந்துட்டா.

"அத்தை, அப்பா என்னை ஒரு நாள்கூடப் பாக்கப் போறதில்லையா? அம்மாவைத்தான பாப்பாக. இடுப்புல இருக்கிறதைத்தான் செண்பகம்னு நினைப்பாக."

நான் தண்ணி இறைச்சு அவ முகத்தைக் கழுவிவிட்டேன்.

ஊருக்கு விசயம் சொன்னோம். நாங்க பயந்தோம், ஊரு அசரலை. பிள்ளை பெத்த வீடெல்லாம் முறை போட்டுக்கிட்டு சாயங்காலம் ஒரு பிள்ளையை எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி, மை வச்சு ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்துருவாங்க. அந்த முறைக்கு ஊர்ல எம்புட்டுக் கிராக்கின்னா, கோயில் திருவிழாவுல முதல் மரியாதைக்குக்கூட அம்புட்டுச் சண்டை நடந்ததில்ல. பிள்ளைக்குச் சாதி பாக்கணும்னு எவனோ ஒருத்தன் வாயெடுத்தான், "அவுகளுக்கு ஒரு மூச்சு நேரத்துல நூறு பிள்ளை தெரியும், அதுல உம்ம பிள்ளை எது என் பிள்ளை எதுன்னு அவுக வந்து பிரிச்சுச் சொல்லுவாகளா வேய்?"னு மாடசாமி அவனை உக்கார வச்சுட்டான். ஜவுளிக்கடைக்காரர் அதே நீலத்துல அதே கரையில பத்துச் சேலை நெய்யச் சொல்லி அடுக்கிட்டாரு. செண்பகத்துக்கு உள்ளூர்லயே மாப்பிள்ளை பாத்தோம். அவளுக்கு அடுத்து யாரு நிக்கணும்னு, உடல்கட்டும் நாடியும் அவளை மாதிரியே இருந்த ஒரு சின்னப் பிள்ளையையும் ஊரு இப்பவே பாத்து வச்சுருக்கு.

மதினி வீட்டை விட்டு அசையலை. சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டா அடுப்படியில கையில இருக்கிறதைக் கீழ வச்சுட்டு, சத்தம் முழுக்கக் கரைஞ்ச பிறகுதான் மறுபடி எடுப்பா. நான் ஸ்டேஷன்லருந்து திரும்பி வாசல்ல கால் வைக்கும்போதே கேப்பா: "எப்படி இருக்காக?" முத வருசம் "அப்படியேதான்"னு சொன்னேன். அடுத்த வருசம் புருவம் இளகினது மாதிரி இருந்துச்சு, சொன்னேன். அதுக்கடுத்த பொங்கல் போட்டோவுல கடைவாய் மேல ஏறியிருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் நல்லாவே தெரிஞ்சுது, நான் ஸ்டேஷன்லருந்தே ஓடி வந்து வாசல்ல நின்னு, "மதினி, சிரிக்கான்!"னு கத்தினேன். அவ முந்தானையால முகத்தைத் துடைச்சா. "சாப்பிட வா"ன்னா. அன்னையிலருந்து அதுவே வழக்கமாயிட்டுது. நான் வாசல்லருந்து "சிரிக்கான் மதினி"ம்பேன், அவ உள்ளயிருந்து "சாப்பிட வா"ம்பா. கட்டின புருசன் கூப்பிடு தூரத்துல தினமும் சிரிச்சுக்கிட்டுப் போறதை இன்னொருத்தி வாயால கேட்டுக்கிட்டு ஒரு பொம்பளை இருந்தா பாருங்க, அவளுக்குக் கோயில் கட்டலாம். கட்டி என்ன, அவளுக்கு வேண்டியது அது இல்லையே.

மஞ்சக்காமாலையில போயிட்டா. ஒரு வாரம்கூடக் கிடக்கலை. பம்பாய்லருந்து அவ அண்ணன் வந்து சேர நேரமாகி, எடுக்கும்போது சாயங்காலம் ஆயிட்டுது. குளிப்பாட்டி முடிச்சதும் செண்பகம் எந்திரிச்சு உள்ள போனா. திரும்பி வரும்போது நீலச் சேலை உடுத்தியிருந்தா. கூட்டத்துல முணுமுணுப்பு எழும்பிச்சு. "நான் போகலைன்னா அங்க யாரு நிப்பா அத்தை? அம்மா இத்தனை வருசம் அடுப்படியில கிடந்தது வீணாப் போயிராதா?"ன்னு கேட்டா. எழவு வீட்டுல அவ தலையில மல்லிகை வச்சுவிட்டது இந்தக் கைதான். ஒருத்தி தன் பிள்ளையைக் கொண்டு வந்து அவ இடுப்புல வச்சா. செண்பகம் அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டு, திரும்பிப் பாக்காம ஸ்டேஷனுக்கு நடந்தா.

எங்க பக்கம் பொம்பளைக சுடுகாட்டுக்குப் போற வழக்கம் இல்ல, ரயில்வே கேட் வரைக்கும்தான். நாங்க கேட்டுக்குப் போகவும் அது மூடவும் சரியா இருந்துச்சு. தெக்க வண்டிச் சத்தம் கேட்டுது. அவன் நிக்கிற வாசப்படி இந்தப் பக்கம்தான், கேட்டைத் தாண்டித்தான் பிளாட்பாரம். "இறக்குங்க, பாடையைக் கீழ இறக்குங்க, அவன் பாத்துறக் கூடாது!"ன்னு கத்தினேன். சங்கு ஊதுறவன் சங்கை வேட்டிக்குள்ள மறைச்சான். கொட்டு நின்னுது. பொம்பளைக அத்தனை பேரும் தலைவிரி கோலமா அழுதுக்கிட்டிருந்தவங்க, கொண்டையை முடிஞ்சுக்கிட்டு, முகத்தைத் துடைச்சுக்கிட்டு, பாடையை மறைச்சு வரிசையா நின்னு, ஏதோ சந்தைக்குப் போயிட்டு கேட்டுல காத்து நிக்கிறவங்க மாதிரி ஒருத்தியோட ஒருத்தி பேசினாங்க. கத்திரிக்காய் விலை கேட்டா ஒருத்தி. நான் சொன்னேன், விலை சொன்னேன்.

வண்டி எங்க முன்னால போச்சு. பாத்தேன். மல்லிகைச் சரம் அவன் தோளுக்கு இன்னும் ஒரு விரக்கடை கிட்ட வந்திருந்துச்சு. கை ஏறியிருந்துச்சு. முகம் பூராவும் சிரிப்பு. பிளாட்பாரத்துல நிக்கிற நீலச் சேலையைப் பாத்து, பத்து நாள்ல திரும்பி வந்துரப்போற ஒருத்தன் சிரிக்கிற சிரிப்பு. எங்க காலுக்குப் பின்னால தரையில கிடந்தா மதினி, பத்து அடி தூரம் இருக்காது.

கேட்டைத் திறந்தாங்க. ஆம்பளைக பாடையைத் தூக்கி, அவன் இப்பத்தான் போன தண்டவாளத்தைத் தாண்டிக் கொண்டு போனாங்க. செண்பகம் தண்டவாளத்து ஓரமாவே ஓடி வந்தா, இடுப்புல ஊரான் பிள்ளை அழுதுக்கிட்டிருந்துச்சு. எனக்குத் தெரியும், நானே பாத்துட்டேன், இருந்தாலும் மதினி கேக்கிற மாதிரியே கேட்டேன்: "எப்படி இருக்காக?"

"சிரிச்சாக அத்தை"ன்னு சொல்லிட்டு, அந்த இடத்துலயே உக்காந்து அம்மாவுக்கு அழ ஆரம்பிச்சா.

பாடை ஓடைக்கரைச் சுடுகாட்டுக்குப் போயிட்டுது. வழக்கத்தை விட முடியலை எனக்கு. கேட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, தொண்டை கிழியக் கத்தினேன்: "மதினி, சிரிக்கான்! சிரிக்கான் மதினி!"

சாப்பிட வான்னு யாரும் கூப்பிடலை.